தரையோடு ஓட்டிய கரிவரதனும் உங்க காரின் ஸ்பிரிங்கும்

ரேஸ் கோர்ஸில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் ஊர்ந்து போகிற ரீல் உங்க போனுக்கும் வந்திருக்கும். டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. வண்டியின் வயிறு தார் ரோட்டை உரசுகிற மாதிரியே போகும். நீங்களும் அதை சேவ் பண்ணி வெச்சிருப்பீங்க. அப்புறம் சும்மா இருக்க முடியுமா? உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற லோயரிங் ஸ்பிரிங் என்ன விலை, நம்ம வண்டிக்குச் சேருமா, மழைக்காலம் வெயில் காலம் ரெண்டும் தாங்குமா என்று தேட ஆரம்பிச்சிருப்பீங்க.

தப்பே இல்லைங்க. ஆனா பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கோயமுத்தூர்க்காரரின் கதையைக் கேட்டுட்டுப் போங்க. காரைத் தரையோடு தரையாக உட்கார வைக்கும் வேலையை இந்த ஊரில் முறைப்படி செய்து, அதை இந்தியா முழுக்க ஓடவும் விட்டவர் அவர். பெயர் எஸ்.கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் வெறும் கரி.

அவிநாசி ரோட்டில் லட்சுமி மில் சிக்னல் உங்களுக்குத் தெரியும். இப்போ தலைக்கு மேல ஜி.டி.நாயுடு பெயரில் பாலம் போகுது. கீழே அந்தப் பழைய மில்லின் பெயர் மட்டும் ஸ்டாப்பாகவும் சிக்னலாகவும் ஒட்டிக்கிட்டு இருக்கு. 1910-ல் தொடங்கிய அந்த லட்சுமி மில்ஸ் குடும்பத்தில்தான் 1954 ஏப்ரல் 20 அன்று கரிவரதன் பிறந்தார். பணத்துக்குக் குறைவில்லாத வீடு. அந்த வீட்டுப் பையன் விலை உயர்ந்த வெளிநாட்டு கார் ஒன்றை இறக்கி ஊரைச் சுற்றி வந்திருந்தாலும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கை வைத்தது வேறு பக்கம்.

அதைப் புரிந்துகொள்ள, அன்றைய கோவையைக் கொஞ்சம் பார்க்கணும். பஞ்சாலை இருந்தால் பஞ்சாலைக்கு இயந்திரம் வேண்டும். இயந்திரம் பழுதானால் உதிரி பாகம் வேண்டும். கிணற்றுக்கு பம்ப்செட், பம்ப்செட்டுக்கு வார்ப்படம், வார்ப்படத்தைச் சீராக்க லேத். இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, பீளமேட்டில் இருந்து கணபதி வரை சந்துக்குச் சந்து பட்டறை முளைத்த ஊர் இது. 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், நூற்பு இயந்திரங்களையே இங்கே செய்ய ஆரம்பித்துவிட்டது. ஒரு பாகத்தை வரைந்து கொடுத்தால் சாயங்காலம் கடைந்து கையில் கொடுக்கிற ஆட்கள் தெருமுனையில் இருந்தார்கள். கார் பைத்தியம் பிடித்த பையனுக்கு இதைவிட நல்ல ஊர் இந்தியாவில் கிடைச்சிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் காலத்தில் தென்னிந்திய கார் ரேஸ் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனம் போகும். கரியும் அங்கே ஓட்டினார். ரோட்டில் கிடைத்த கார்கள் மூன்றுதான்: அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. பந்தயத்துக்கு வருகிறவர்கள் இவற்றைத்தான் பிரித்து மேய்ந்து, எடையைக் குறைத்து, இன்ஜினைத் தீட்டி, உயரத்தை இறக்கி எடுத்து வருவார்கள். இன்னொரு பக்கம் பெரும் பணக்காரர்கள் வெளிநாட்டு ஒற்றை இருக்கை ரேஸ் கார்களோடு வருவார்கள். 1980-களில் விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே அங்கே ஓட்டியிருக்கிறார். ஒரு பக்கம் ஒட்டுப்போட்ட ஃபியட், மறுபக்கம் ஃபார்முலா ஒன். நடுவில் எதுவுமே இல்லை.

சோழவரத்தில் நீங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அது விமானம் இறங்குவதற்காகப் போட்ட தளம். பள்ளம், சாக்கடை மூடி, ஸ்பீட் பிரேக்கர் என்று ரோட்டில் இருக்கிற எதுவும் அங்கே கிடையாது. அந்தச் சமதளத்தில்தான் காரை இறக்கினால் லாபம்.

என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்கு. கார் வளைவில் திரும்பும்போது எடை உள்பக்கச் சக்கரத்தில் இருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தாவும். எவ்வளவு தாவும் என்பது வண்டியின் எடை மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஹேட்ச்பேக்கில் அது சுமார் 55 சென்டிமீட்டர் என்று வெச்சுக்குங்க. நீங்க 4 சென்டிமீட்டர் இறக்கினால் 51 ஆகும். தாவும் எடை ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். அவ்வளவுதான். ரேஸ் டிராக்கில் ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து வளைவு, இருபது சுற்று என்று ஓட்டும்போது இந்த 7 சதவீதம் ஜெயிக்கிறவனையும் தோற்கிறவனையும் பிரிக்கும். காந்திபுரத்தில் இருந்து சிங்காநல்லூர் போகும்போது அதை நீங்க உணரவே மாட்டீங்க.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சின்னஞ்சிறு இன்ஜின். ஊரே அதைக் குடும்ப காராகப் பார்த்தது. கரி அதற்குள் ஒரு ரேஸ் காரைப் பார்த்தார். அந்த இன்ஜினை எடுத்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கையோடு, தரையில் இருந்து சில விரற்கடை உயரத்தில் ஓடும் வண்டி ஒன்றை வடிவமைத்தார். 1980-களின் கடைசியில் அது ஃபார்முலா மாருதி என்ற பெயரில் பந்தய வகையாகவே ஆனது.

இதில் இருந்த புத்திசாலித்தனத்தைப் பாருங்க. இன்ஜின் உதிரி பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். எந்த ஊர் மாருதிக் கடையிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே வகைக் கார். அதனால் அப்பா பணத்தைவிட, கையும் காலும் எப்படி வேலை செய்யுது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். வசதியான வீட்டில் பிறந்த ஒருவர், வசதி குறைந்தவனும் ரேஸுக்கு வரட்டும் என்று உட்கார்ந்து வண்டி செய்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இப்போ உங்க அட்ஜஸ்டபிள் ஸ்பிரிங் கதைக்கு வருவோம். ஃபார்முலா வகைக் கார்களின் ஷாக் அப்சார்பரைப் பார்த்தால், அதன் உடம்பில் மரை போட்டிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை அந்த மரையில் ஏற்றலாம், இறக்கலாம். அழகுக்காக வந்த ஏற்பாடு கிடையாது அது. கயிற்றுக் கட்டிலில் ஒரு கால் மட்டும் அரை விரல் குட்டையாக இருந்தால் என்ன ஆகும்? ஆடும். எடை முழுக்க எதிரும் புதிருமான ரெண்டு காலில் போய் விழும். காரும் அப்படித்தான். நாலு சக்கரத்துக்கும் கீழே தனித்தனியாக எடை மேடை வைத்து, ஓட்டுநரை உள்ளே உட்கார வைத்து, வளையத்தை அரைச் சுற்று கால் சுற்றாகத் திருப்பி எடையைச் சமன் செய்வார்கள். மரையின் முதல் வேலை அது. இன்னிக்கு நம்ம ஊரில் அந்த மரையை வாங்குகிற பத்துப் பேரில் எத்தனை பேர் எடை மேடையில் வண்டியை நிறுத்துறாங்க? கீழே இறக்கி, செல்ஃபி எடுத்து, முடிச்சிடுறோம்.

வருஷம் பூரா ஓட்டுற வண்டிக்கு இதைப் போடணும் என்று நீங்க உறுதியாக இருந்தால், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வகை என்பதை. மூணு வகை இருக்கு. முதலாவது, வெறும் குட்டை ஸ்பிரிங். கம்பெனி ஷாக்கிலேயே மாட்டுவார்கள், உயரத்தை மாற்ற முடியாது. விலை மலிவு. ஆனால் ஷாக்கின் கம்பி எப்பவும் பாதி அமுங்கிய நிலையிலேயே வேலை செய்யும். அமுங்க மிச்சம் இருக்கிற தூரம் குறைவு என்பதால் ஸ்பிரிங் கெட்டியாக இருந்தாக வேண்டும். மிச்ச தூரம் பாதியானால், அதே அடியை வாங்க ஸ்பிரிங் இரண்டு மடங்குக்கும் மேலே கெட்டியாகணும். அப்படி ஆகாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே இருக்கும் ரப்பர் முட்டில் இடிச்சு, ஷாக் சீக்கிரமே எண்ணெய் கக்கும். இரண்டாவது, மரையும் வளையமும் உள்ள வகை. வளையத்தை இறக்கினால் வண்டி இறங்கும், ஆனால் இங்கேயும் மிச்ச தூரம் குறைந்துகொண்டேதான் வரும். மூன்றாவது வகையில் ஷாக்கின் அடிப்பகுதியே தனியாகச் சுழலும். மொத்த நீளத்தையே குட்டையாக்கலாம், அமுங்கும் தூரம் அப்படியே இருக்கும். விலை அதிகம். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் இதுதான் யோசிக்கத் தகுந்தது. இருக்கிற ஸ்பிரிங்கையே கட்டர் வைத்து வெட்டிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், அங்கே இருந்து வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. வெட்டின ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டே நழுவும்.

அடுத்து உயரம். ஸ்விஃப்டையே எடுத்துக்கலாம். போன தலைமுறை வண்டியின் தரை இடைவெளி சுமார் 163 மில்லிமீட்டர். 40 இறக்கினால் 123. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்கணும். அது நீளமான, சாந்தமான மேடு. உங்க காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர்தான்; ரெண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் அந்த மேட்டின் மேலேயே இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது நாலரை சென்டிமீட்டர்தான். இறக்கின வண்டிகூட தாராளமாகத் தாண்டும்.

ஆனால் நம்ம ஊரில் அந்த மாதிரி மேடு எங்கேங்க இருக்கு? பாதி இடத்தில், யாரோ ஒருத்தர் விழுந்து அடிபட்ட மறுநாள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டின மேடுதான். குறுகலா, செங்குத்தா, முதுகெலும்பு மாதிரி. அது முழுசாக உங்க வண்டி வயிற்றுக்கு அடியில் புகும். உயரம் அதே 10 சென்டிமீட்டர் என்றாலும் 123-ல் மிச்சம் 23 மில்லிமீட்டர். பழனிக்கு அம்மா, அப்பா, தங்கச்சி, சித்தியோடு கிளம்பி, டிக்கியில் ரெண்டு பை வெச்சீங்கன்னா அந்த 23-ம் போச்சு. தட்டுறது பம்பராக இருந்தால் பரவாயில்லை. ஆயில் சேம்பராக இருந்தால், எண்ணெய் ஒழுகினது தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால், இன்ஜினே போயிடும்.

மழையையும் சேர்த்துக்குங்க. பெருமழை அடிச்சா லங்கா கார்னர் பாலத்துக்குக் கீழே குளம் கட்டும் என்பது கோவையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்று உள்ளே போகும் வாயும் வண்டியோடு சேர்ந்து 4 சென்டிமீட்டர் கீழே வந்திருக்கு என்பதை மறந்துடாதீங்க. மழையில் ஓட்டின சேறு அந்த மரையில் ஏறிக் காய்ந்தால் வளையம் இறுகிப் போகும். தென்மேற்கு ஓய்ந்ததும் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு தடவை பிரஷ் போட்டுக் கழுவி கிரீஸ் வைக்கணும். உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் சாய்மானம் மாறும், அதனால் அலைன்மென்ட் பார்த்தே ஆகணும். இல்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு உங்க கண்ணுக்குத் தெரியாமலே தேயும். நாற்பது கொண்டை ஊசி ஏறி வால்பாறை போய்விட்டு வந்தால் அந்தத் தேய்மானம் நல்லாவே காட்டிக் கொடுக்கும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்க்கப்போவதும் அந்த ஸ்பிரிங்கைத்தான். என்னைக் கேட்டால், குடும்பம் ஏறுகிற ஒரே கார் என்றால் கம்பெனி உயரத்திலேயே விட்டுடுங்க. தேய்ந்த ஷாக்கையும் புஷ்ஷையும் புதுசாக மாற்றி, நல்ல டயர் போடுங்க. வளைவில் கிடைக்கும் நம்பிக்கை, 4 சென்டிமீட்டர் இறக்கினதைவிட நிச்சயம் அதிகமாக இருக்கும்.

கரி விஷயத்தில் கவனிங்க. அவர் இறக்கின வண்டி ரோட்டுக்கு வரவே இல்லை. லாரியில் ஏறி டிராக்குக்குப் போனது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டருக்கு நிரந்தர டிராக் வந்தது. சோழவரத்துக் காலம் முடிந்து, பந்தயத்துக்கென்றே போட்ட தளத்தில் ஃபார்முலா மாருதிகள் ஓட ஆரம்பித்தன. அங்கேதான் 1992-ல், கோவையின் ராலி ஓட்டுநர் ஜி.ஆர்.கார்த்திகேயனின் மகன், பதினைந்து வயதுப் பையன், முதல் முறையாக ஃபார்முலா மாருதியில் உட்கார்ந்தான். முதல் ரேஸிலேயே மேடை ஏறினான். நரேன் கார்த்திகேயன். ரெண்டே வருஷத்தில் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றான்.

அந்தப் பையன் எவ்வளவு தூரம் போவான் என்று பார்க்க கரிக்குக் கொடுத்து வைக்கவில்லை. தரையோடு ஒட்டி ஓடுவதில் இருந்த அதே ஆசை அவருக்கு ஆகாயத்தின் மேலும் இருந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று, இலகுரக விமானம் ஒன்று விழுந்து கரிவரதன் இறந்தார். வயது 41. ஒரு மனிதன் தன் கைவேலையின் பலனைக் கண்ணால் பார்க்க ஆரம்பிக்கிற வயசுங்க அது.

வண்டிகள் நிற்கவில்லை. அவருக்குப் பிறகும் ஃபார்முலா மாருதி ஓடியது. 2000-ல் கருண் சந்தோக் அதில் தேசியப் பட்டம் வென்றார். 2005 மார்ச்சில் மெல்போர்னில் நரேன் ஜோர்டான் அணிக்காகக் களம் இறங்கியபோது, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் கருணும் அங்கே போனார். இரண்டு பேருமே ஆரம்பத்தில் உட்கார்ந்தது, குடும்ப காரில் இருந்து எடுத்த அந்த 796 சிசி இன்ஜினுக்கு முன்னால்தான்.

போத்தனூர் தாண்டி செட்டிபாளையம் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க. 2000-களின் தொடக்கத்தில், பி.விஜயகுமார் முன்னின்று அங்கே ஒரு டிராக் கட்டினார். நீளம் 2.1 கிலோமீட்டர். கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகள் நடக்கும் நாளில் போனால் ஒற்றை இருக்கை கார்கள் ஓடுவதைப் பார்க்கலாம். வேலி ஓரமாகக் குனிந்து நின்று கவனிங்க, காரின் வயிற்றுக்கும் தளத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்குன்னு. முடிஞ்சதும் உங்க வண்டியை எடுத்துக்கிட்டு அதே செட்டிபாளையம் ரோட்டிலேயே வீட்டுக்குத் திரும்புங்க. வழியில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் வருதுன்னு எண்ணிக்கிட்டே வாங்க. கடைக்காரருக்கு முன்பணம் அனுப்புறதை அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்.